படகின் அடிக்கு நாமே பெயின்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினத்துப் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்ப்பது என் வேலை. உடைசல் ஒட்டுவது, ஏரா (படகடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் உண்டு. பழையாறிலிருந்து கோடியக்கரை வரை, அந்தப் பக்கம் மல்லிப்பட்டினம் வரைக்கும் யாராவது போன் செய்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

அடிப்பெயின்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கடையில் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் என்று கேட்டால் தருவார்கள். படகின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும் பாகத்துக்கு மட்டும் அடிப்பது. பாசி, கொட்டலசு (ஆங்கிலத்தில் பார்னக்கிள்), சிப்பி எதுவும் ஒட்டிக் குடித்தனம் நடத்தாமல் இருக்க, பெயின்டுக்குள் செம்புச் சரக்கு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு. செங்கல் நிறத்தில் கனமான தூள். இது கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீரில் கசியும். ஒட்ட வருகிற குஞ்சுக்கு அந்த இடம் விஷமாகத் தெரியும், வேறு இடம் பார்த்துப் போய்விடும். நான் கீழே அடிப்பெயின்ட் என்றே எழுதுகிறேன்.

என் படகுக்கு இது வேண்டுமா?

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் படகு ராத்திரி எங்கே தூங்குகிறது? மணலிலா, தண்ணீரிலா?

கடலுக்குப் போய்வந்து, டிராக்டர் வைத்தோ ஆள் கூடித் தள்ளியோ கரையில் ஏற்றிவிடுகிற படகுக்கு அடிப்பெயின்ட் தேவையே இல்லை. வெயிலில் கிடந்தால் கொட்டலசுக் குஞ்சு ஒரு பகல் தாங்காது. அதோடு, தினம் மணலில் இழுபடுகிற படகில் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் ஏரா ஓரத்தில் பத்து நாளில் வழித்துவிடும். எனாமலைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி மணலுக்குத் தீனி போட வேண்டுமா?

கடுவையாற்றிலோ, அரசலாற்று முகத்திலோ, பழையாறு கொள்ளிட முகத்திலோ, முத்துப்பேட்டைக் காயலிலோ நாள் கணக்கில் கட்டிக் கிடக்கிற படகு என்றால் அடித்தே ஆக வேண்டும். அதிலும் ஆற்று முகத்துக்கு ஒரு குணம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் இறங்கி வந்தால் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். கொட்டலசுக்கு அது ஆகாது, அப்போது பெரிதாகத் தொந்தரவு இருக்காது. தை, மாசிக்கு மேல் ஆறு வற்றி, கடல் உள்ளே ஏறி உப்புக் கரித்தவுடன் பாருங்கள், புரட்டாசி வரை அதன் ராஜ்யம்தான். சித்திரை வைகாசியில் பெயின்ட் இல்லாத படகைப் பத்துப் பதினைந்து நாள் கட்டிப்போட்டுவிட்டுக் கையை அடியில் விட்டுத் தடவினால் கரடு முரடாகக் குத்தும்.

ஆகவே கரையில் தூங்குகிற படகு வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம்.

கொட்டலசு எப்படித்தான் இவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது?

அது சிப்பி இனம் இல்லை. இறால், நண்டுக்குச் சொந்தம். குஞ்சாக இருக்கும்போது நீந்தும். கடைசிப் பருவத்தில் தீனியே தின்னாது, இடம் தேடுவது ஒன்றுதான் வேலை. மீசையை ஊன்றி ஊன்றி நடந்து பார்க்கும். பிடித்த இடம் கிடைத்ததும் தலையைக் கீழே வைத்து ஒரு பசையை விட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் வீடு கட்டும். அதற்கப்புறம் ஆயுள் முழுக்கத் தலைகீழாகக் கிடந்து, காலை வெளியே நீட்டி நீட்டித் தீனியை வாரி வாயில் போட்டுக்கொள்ளும். பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின் இந்த ஒரு ஜீவனை ஆராய எட்டு வருடம், 1846 முதல் 1854 வரை, செலவழித்தார். நம் ஆட்கள் அதைத் திட்டுவதற்கு அதைவிட அதிக காலம் செலவழித்திருக்கிறார்கள்.

இதில் நமக்கு உள்ள சங்கதி இதுதான்: இடம் தேடும் பருவத்தில்தான் அதைத் துரத்த முடியும். வீடு கட்டிய பிறகு எந்தப் பெயின்டும் ஒன்றும் செய்யாது. ஒட்டிக் கிடக்கிற கொட்டலசின் மேலேயே பெயின்ட் அடித்தால் ‘செத்துவிடும்’ என்று ஒருவர் என்னிடம் சாதித்தார். செத்தாலும் ஓடு அங்கேயேதான் இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் டீசல் எரிக்க வேண்டும்.

எனாமலில் மயில்துத்தம் கலந்து அடித்தால் போதாதா? அதுவும் செம்புதானே?

டெல்டாக்காரர்களிடம் தவறாமல் வரும் கேள்வி. வயலுக்கு வாங்கிய மயில்துத்தம் வீட்டில் இருக்கும், கை அரிக்கும். மயில்துத்தம் தண்ணீர் பட்டதும் கரைந்துபோகும். குப்ரஸ் ஆக்சைடு மாதக் கணக்கில் மெல்லக் கரையும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் காரியமே அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, எனாமல் காய்ந்தால் சரக்கை உள்ளே பூட்டிவிடும், வெளியே விடாது. மேலாக இருப்பது ஒரு நாளில் போய்விடும், மீதி உள்ளேயே கிடக்கும். பூச்சி மருந்து கலப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதோடு நீங்கள் மீன் பிடிக்கிற தண்ணீரிலேயே விஷம் கலக்கிறீர்கள்.

என்ன வகைகள் இருக்கின்றன? எதை வாங்குவது?

கரையும் வகை, கெட்டி வகை என்று இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். கரையும் வகை சோப்பு மாதிரி. படகு ஓட ஓட மேல்தோல் தேய்ந்து புதுச் செம்பு வெளியே வரும். வருடா வருடம் அடிக்கும்போது பழையது கனத்துச் சேராது. கெட்டி வகையில் பெயின்ட் அப்படியே நிற்கும், செம்பு மட்டும் கசியும். சரக்கு தீர்ந்த பின்னும் வெறும் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு வருடம் மேலே மேலே அடித்தால் பலகை கனத்துக்கு வந்து, ஒருநாள் பெரிய பெரிய சில்லாகப் பெயரும்.

ஆற்று முகத்தில் கட்டி, வாரத்தில் நாலைந்து நாள் ஓடுகிற ஃபைபருக்குக் கரையும் வகை போதும். வேகப்படகு வைத்திருக்கிறவர்கள் கெட்டி வகை வாங்கலாம். சிலிக்கான் பூச்சு என்று ஒன்று இருக்கிறது. அதில் விஷம் இல்லை, வழுக்கல்தான். வேகமாக, ஓயாமல் ஓடுகிற கப்பலுக்கு அது சரி. கட்டிக் கிடக்கிற படகுக்கு அது காசைக் கரியாக்குகிற வேலை.

பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால், தின்னரில் நனைத்த துணியால் ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறையக் கரைந்து வந்தால் அது கரையும் வகை. கரையும் வகையின் மேல் கெட்டி வகையை அடிக்காதீர்கள், அடித்தளமே ஆடும்போது மேல் மாடி நிற்காது. கெட்டியின் மேல் கரையும் வகை அடிக்கலாம், நன்றாகத் தேய்த்துவிட்டு.

எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?

தண்ணீர்க் கோட்டில், அதாவது தண்ணீர் மட்டம் படகில் படுகிற இடத்தில், படகின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கோட்டில் உள்ள அகலத்தையும், அடி தண்ணீரில் அமிழ்கிற ஆழத்தையும் கூட்டி, அந்த நீளத்தால் பெருக்குங்கள். 7.5 மீட்டர் நீளம், 1.8 அகலம், 0.4 ஆழம் என்றால் 7.5 × 2.2, ஏறக்குறைய 16.5 சதுர மீட்டர். இரண்டு கோட், அதாவது இரண்டு பூச்சு அடிக்க 33. ஒரு லிட்டர் சுமாராக 9 சதுர மீட்டர் ஓடும். ஆக நாலு லிட்டர் டின் ஒன்று சரியாக இருக்கும். ‘ஒரே பூச்சாக இழுத்து விட்டால் இரண்டு லிட்டரில் முடிக்கலாமே’ என்பார்கள். முடிக்கலாம், ஆனால் பாதி வருடத்தில் திரும்பவும் கரையேற்ற வேண்டியிருக்கும்.

எப்போது அடிப்பது நல்லது?

விசைப்படகுக்காரர்களுக்குக் காலத்தை அரசாங்கமே குறித்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் அக்கரைப்பேட்டைப் பக்கம் போனால் தச்சர், வெல்டர், பெயின்டர் எல்லாரும் படகடியிலேயே படுத்திருப்பார்கள். இதில் நிறையப் பேர் செய்கிற தப்பு, ஏப்ரல் கடைசியிலேயே அடிப்பெயின்டை அடித்து முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பது. பிறகு ஒன்றரை மாதம் கத்திரி வெயிலில் அது காய்கிறது. கெட்டி வகை என்றால் மேல் செம்பு காற்றுப்பட்டே வீரியம் போய்விடும். கரையும் வகை கொஞ்சம் தாங்கும், ஆனாலும் படகைத் தண்ணீரில் இறக்குவதற்குள் எத்தனை நாள் என்று டின்னில் ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். மற்ற வேலை எல்லாவற்றையும் முன்னால் முடியுங்கள். அடிப்பெயின்டை மட்டும் ஜூன் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் தடைக்காலத்தில் போட்டி போடாதீர்கள். அப்போது ஆளும் கிடைக்காது, இடமும் கிடைக்காது. என் கணக்கில் பொங்கல் கழித்து, தை கடைசி அல்லது மாசி நல்ல நேரம். மழை நின்றிருக்கும், உப்பு ஏறப்போகிற சமயம், பெயின்ட் புதிதாக இருக்கும். ஒரே தொந்தரவு பனி. காலையில் படகைத் தொட்டால் ஈரம் வழியும். அது முழுதும் காய்ந்து ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி, மூன்றரைக்குள் ரோலரைக் கழுவிவிட வேண்டும். சாயங்காலம் அடித்து அதன் மேல் பனி இறங்கினால் மேல்தோல் வெளுத்துப் பூத்துவிடும்.

கோடையில் அடித்தே தீர வேண்டுமென்றால் நிழல் கட்டுங்கள். வெயில் நேரே அடிக்கிற பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் பெயின்டும் வைக்க முடியாது. ரோலர் போகும் முன்னே காய்ந்து நூல் நூலாக இழுக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மணலும் சேர்ந்து ஒட்டும், அப்புறம் உப்புத்தாளுக்குப் பதில் படகையே வைத்துத் தேய்க்கலாம்.

வெளிநாட்டு வீடியோவில் வற்றத்தில் (கடல் மட்டம் இறங்கும்போது) படகு தானே தரை தட்டுகிறது, அப்படியே அடிக்கிறார்கள். நாமும் செய்யலாமா?

நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. வற்றத்துக்குக் காத்திருந்தால் ஏராவின் முழங்கால்கூட வெளியே தெரியாது. இங்கே இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் அணியத்திலும் (முன்பக்கம்) அமரத்திலும் (பின்பக்கம்) பழைய லாரி டயரை அடுக்கி, நடுவில் ஏராவுக்குக் கட்டை கொடுத்து, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்கிற உயரத்துக்கு நிறுத்துங்கள். படகடியில் ஆள் படுக்கும் முன் இரண்டு பேர் சேர்ந்து ஓரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் படுக்காதீர்கள்.

சுரண்டுவது எப்படி?

ஈரம் காய்வதற்குள். இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கரையேறிய ஒரு மணி நேரத்தில் பாசி வெறும் துடைப்பத்துக்கே வழிந்துவிடும். மறுநாள் என்றால் கருவாடாகிச் சுண்ணாம்போடு ஒட்டியிருக்கும்.

ஃபைபரில் இரும்புத் தகட்டைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்தாதீர்கள், அதன் மேல்தோலான ஜெல்கோட் சிராய்த்துவிடும். மட்டைப் பலகையைச் சீவி உளி மாதிரி செய்துகொண்டு, படுக்கவைத்துத் தள்ளினால் கொட்டலசு டிக் டிக்கென்று தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஓடு கண்ணுக்குத்தான் வரும். வீடு தெறித்த இடத்தில் ஐந்து பைசா அளவில் வெள்ளை வட்டம் ஒன்று மிச்சமிருக்கும். அதன் அஸ்திவாரம் அது. வெண்மையாகத்தானே இருக்கிறது, பெயின்ட் மூடிவிடும் என்று விட்டால், அடுத்த தடவை முதலில் உரிவது அந்த இடம்தான். வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டவைத்தால் சுண்ணாம்பு இளகும், பிறகு வழித்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். முழுப் படகையுமே நல்ல தண்ணீரால்தான் கழுவ வேண்டும். உப்பு இருந்தால் அது ஈரத்தை இழுத்துவைத்துக் கொப்புளம் கிளப்பும்.

கீழே தார்ப்பாயை விரிப்பது முக்கியம். சுரண்டியதில் பழைய செம்புப் பெயின்டும் சேர்ந்திருக்கும். நாம் கட்டுகிற அதே ஆற்று முகத்தில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. கொட்டலசை விரட்டுகிற சரக்கு அதன் பங்காளியையும் விடாது. கூட்டி அள்ளி மூட்டை கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள், ஆற்றில் தள்ளாதீர்கள்.

புதுப் படகு. சுத்தமாகத்தானே இருக்கிறது, நேராக அடிக்கலாமா?

இதில்தான் நான் சூடு பட்டேன். பல வருடம் முன்பு, அச்சிலிருந்து எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத படகு ஒன்று. பளபளவென்று இருந்தது. தேய்ப்பதற்கே மனசு வரவில்லை. லேசாகத் துடைத்துவிட்டு இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். இருபதாம் நாள் உரிமையாளர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அடிப்பக்கம் பெயின்ட் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து தொங்குகிறது. விரலால் பிடித்து இழுத்தேன், ஒரு முழம் வந்தது. அச்சிலிருந்து படகு கழன்று வருவதற்கு மெழுகு பூசுவார்கள். அந்த மெழுகு ஜெல்கோட்டின் மேலேயே இருக்கிறது. பெயின்ட் படகில் ஒட்டவில்லை, மெழுகில் ஒட்டியிருந்தது. கூலி வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன், பெயின்ட் செலவும் என் தலையில்.

அதனால் முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலையில் ஊற்றியதுபோல் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. சுத்தமான துணியில் அசிட்டோன் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெழுகை இங்கிருந்து அங்கே பூசுவதுதான் நடக்கும். தண்ணீர் ஒரே படலமாக வழிகிற வரை செய்யுங்கள். தேய்ப்பது அதற்கப்புறம்தான். முன்னாலேயே தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 80 நம்பர் தாள் போதும், பளபளப்பு செத்து மங்கலாக வேண்டும்.

பழைய அடிப்பெயின்டைத் தேய்க்கிறவர்கள் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த தூளை மூக்கில் ஏற்றாதீர்கள், செம்புத் தூள் அது. மெஷின் வைத்துப் புழுதி பறக்கத் தேய்க்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், சாயங்காலம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள் மாதிரி சிவந்து நிற்பார்கள். எச்சில் துப்பினாலும் சிவப்பு.

பிரைமர் கட்டாயமா?

முதல் தடவை அடிக்கும்போது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எப்பாக்ஸி பிரைமர் ஜெல்கோட்டுக்குள் தண்ணீர் ஊறாமலும் தடுக்கும். பிறகு வருடா வருடம் அது உரியாத இடத்தில் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரை பெருமளவு மரத்தை விட்டு ஃபைபருக்கு மாறியது. அவசரத்தில் செய்த பழைய படகுகளில் அடியில் கொப்புளம் பார்ப்பீர்கள். குத்தினால் புளிச்ச வாசனையோடு தண்ணீர் வரும். அதை உடைத்து, கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டுத்தான் மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே வேலை செய்யும்.

எப்பாக்ஸி பிரைமர் இரண்டு டின்னாக வரும். இரண்டையும் கலக்கும் விகிதம் டின்னில் இருக்கும், கண்ணால் மதிப்பிடாதீர்கள். கலந்த பின் எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதெல்லாம் 20, 25 டிகிரிக்கு. நம் ஊர் 35-ல் பாதிகூட நிற்காது. ஒரு வாளி முழுக்கக் கலந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களின் வாளி புகைந்ததைப் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர், அரை லிட்டராகக் கலந்து அடியுங்கள்.

கடைசிப் பிரைமர் கோட்டின் மேல் அடிப்பெயின்ட் எப்போது? பெருவிரலை அழுத்துங்கள். ரேகை பதிய வேண்டும், விரலில் பெயின்ட் ஒட்டக் கூடாது. அந்த நேரம்தான். அதைத் தவறவிட்டுக் கல்லாகிவிட்டால் திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான்.

அடிப்பதைப் பற்றிச் சொல்லுங்கள்.

டின்னைத் திறந்ததும் மேலே எண்ணெய் மாதிரி இருப்பதைப் பார்த்து ‘தண்ணியாக இருக்கிறதே’ என்று ஏமாறாதீர்கள். குச்சியை அடி வரை விட்டுக் கிளறுங்கள். களிமண்ணில் செருகியதுபோல் நிற்கும். செம்பு முழுக்க அடியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் களி முழுதும் கரைந்து, குச்சியைத் தூக்கினால் ஒரே நிறத்தில் ஒழுகும் வரை பத்து நிமிடமாவது கிளற வேண்டும். அடிக்கும்போதும் நடு நடுவே. ஒருமுறை என்னோடு வந்த அக்கா பையன், “போதும் மாமா, கை விட்டுப்போச்சு” என்று மேலோடு ஊற்றி ஒரு பக்கம் அடித்துவிட்டான். மறு பக்கம் நான் அடித்தேன். நாலு மாதத்தில் அவன் பக்கம் பாசித் தாடி, என் பக்கம் சுத்தம். இப்போது அவனே மற்றவர்களைக் கிளறச் சொல்லித் திட்டுகிறான்.

குட்டை மயிர் ரோலர் போதும். தின்னர் விட்டுத் தண்ணியாக்கி நீட்டாதீர்கள், கனம்தான் ஆயுள். முதல் கோட் சிவப்பு, இரண்டாவது கறுப்பு அல்லது நீலம் என்று வேறு நிறத்தில் அடித்தால் ஒரு வசதி: சில மாதம் கழித்து எங்கே சிவப்பு தெரிகிறதோ அங்கே மேல் கோட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அணியத்து மூக்கு, ஏரா ஓரம், சுக்கான், தண்ணீர்க் கோடு, இந்த நாலு இடத்துக்கும் மூன்றாவது கோட். தண்ணீர்க் கோட்டில் வெளிச்சம் நிறைய, பாசி அங்கேதான் முதலில் பிடிக்கும்.

தண்ணீர்க் கோட்டை எங்கே போடுவது என்பதைப் படகு தண்ணீரில் கிடக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின், வலை எல்லாம் இருக்கும் நிலையில் நாலு மூலையிலும் கோடு கிழித்து, அதற்கு நாலு விரல் மேலே வரை அடியுங்கள். டயரும் கட்டையும் மறைத்த இடத்தைக் கடைசியில் படகை நகர்த்தி அடிக்க வேண்டும். அதை மறந்தால் டயர் வடிவிலேயே கொட்டலசு முளைக்கும், நான் சொல்வது வேடிக்கைக்கு இல்லை.

எதன் மேல் அடிக்கக் கூடாது?

துத்தநாகக் கட்டிகள் மேல். இரும்பும் வெண்கலமும் அரிக்காமல் தான் அரிபடத்தான் அதை வைத்திருக்கிறோம், அதை மூடினால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் கருவியின் கண் மேலும் வேண்டாம். அலுமினியப் படகில் குப்ரஸ் ஆக்சைடு பெயின்ட் அறவே ஆகாது, உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் குழி குழியாகப் போகும். இரும்புப் படகுக்கு எப்பாக்ஸி நல்ல கனமாக இருந்த பிறகுதான். நீளத் தண்டு வைத்த லாங்டெயில் எஞ்சினின் காத்தாடிக்கு அடிக்க வேண்டாம், அதைத்தான் தூக்கிவைக்கிறீர்களே.

மரப் பலகையில் செய்த வத்தைப் படகுக்கு?

அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும். மரத்துக்குக் கொட்டலசைவிடப் பெரிய எதிரி கப்பல் புழு. வெளியே ஊசித்துளை, உள்ளே தேன்கூடு. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல் ஒன்றின் அடிக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்ததும் இந்தப் புழுவுக்காகத்தான். தகட்டுக்குப் பதில் இப்போது பெயின்ட். ஒரு துளி இடம் விடாமல், பலகை இணைப்புகளைக் குங்கிலியம் போட்டு அடைத்தபின் அடியுங்கள்.

கப்பலில் வேலை பார்த்த மச்சான் பழைய டின் ஒன்று கொடுத்தார், ‘இதைவிட நல்ல சரக்கு இப்போது வருவதில்லை’ என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், அதுதான் பயமே. அந்தக் காலத்தில் டிரைபியூட்டைல் டின் என்ற சரக்கு போட்டார்கள். கொட்டலசு கிட்டே வராது. கூடவே பிரான்சில் ஆர்க்கஷான் என்ற இடத்தில் வளர்ப்புச் சிப்பிகள் ஓடு கோணி, குஞ்சு பொரிக்காமல் போயின. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982-லேயே சிறு படகுகளுக்குத் தடை போட்டது. சர்வதேச உடன்படிக்கை 2001-ல் உருவாகி 2008-ல் நடைமுறைக்கு வந்தது. டின்னில் அந்தப் பெயர் இருந்தால் திறக்காதீர்கள். பெயரே தெரியாத டின்னையும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடித்த பிறகு எவ்வளவு நேரத்தில் இறக்கலாம்? எத்தனை மாதம் தாங்கும்?

கடைசிக் கோட் அடித்து ஒரு இரவும் ஒரு பகலும் விடுங்கள். டின்னில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதன்படி. ஆற்று முகத்தில் என் அனுபவத்தில் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம். ஓடுகிற படகில் அதிகம், கட்டியே கிடக்கிற படகில் குறைவு. நடுவில் பாசி படிந்தால் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஸ்பாஞ்சால் மெல்லத் துடைக்கலாம். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தால் தண்ணீர் சிவக்கும், காசு கரைகிறது என்று அர்த்தம்.

காலி டின் வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். தண்ணீர் மொள்ள, இரை போட்டுவைக்க, செடி வைக்க, எதற்குமே. அடியில் ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்துக் கழுவிவிடுவார்கள். பெயின்ட் அடிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி. குழந்தைகள் படகடியில் நிழலுக்கு வந்து உட்காருவார்கள், விரட்டுங்கள்.

கோயில் தெப்பத்தின் அடிக்கு அடிக்கலாமா? டிரம் எல்லாம் பாசி பிடிக்கிறது.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் உண்மையாகவே கேட்டார். குளம் நல்ல தண்ணீர், அங்கே கொட்டலசு வராது. தெப்பம் தண்ணீரில் இருப்பதும் சில நாள்தான். தேங்கிய தண்ணீரில் செம்பு கசிந்தால் பாசி போகிறதோ இல்லையோ, பொரி போட்டதும் வாயைத் திறந்துகொண்டு வருகிற மீன் போய்விடும். டிரம்மைத் துடைப்பத்தால் தேய்த்து, துருப்பிடிக்காத சாதாரணப் பெயின்ட் அடியுங்கள் என்றேன். “அப்ப நீங்களே வந்து அடிச்சுக் கொடுங்களேன்” என்றார். போய் அடித்துக் கொடுத்தேன். கூலிக்குப் புளியோதரை.